குட்டை ஆட்டக்காரர் கவர்னர் ஆன கதை

அது ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறை. வருடம் 1932. ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரத்தில், பிட்ஸ்ராய் என்ற கால்பந்து கிளப்பின் அறை அது.

ஆட்டக்காரர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தார். கிளப்புக்குப் புதிதாக வந்தவர். கறுப்பு நிறம். குட்டையான உருவம். உயரம் 5 அடி 2 அங்குலந்தான்.

அறையில் மற்றவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள்.

அப்போது ஒரு வெள்ளைக்காரர் எழுந்தார். அவர் பெயர் ஹேடன் பன்டன். சாதாரண ஆள் அல்ல. முந்தின வருடம் லீக் பந்தயங்களில் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பதக்கம் வாங்கியவர். அவர் நேராக மூலைக்குப் போனார். கறுப்பு ஆட்டக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பேச்சுக் கொடுத்தார். அன்றே இருவரும் நண்பர்கள் ஆகிவிட்டார்கள்.

மூலையில் இருந்தவர் பெயர் டக்ளஸ் நிக்கல்ஸ். அன்றைக்கு 44 வருடம் கழித்து அவர் ஒரு மாகாணத்துக்கே கவர்னர் ஆனார்.

ஆற்றங்கரைக் குடியிருப்பு

நிக்கல்ஸ் 1906-ம் வருடம் டிசம்பர் 9-ந் தேதி பிறந்தார். பிறந்த இடம் கம்மெராகுஞ்சா. மர்ரே என்ற பெரிய ஆற்றின் கரையில் அது இருக்கிறது. ஆற்றுக்கு ஒரு பக்கம் நியூ சவுத் வேல்ஸ் மாகாணம். மறு பக்கம் விக்டோரியா மாகாணம்.

ஆஸ்திரேலியா ஆதியில் வெள்ளைக்காரர்களின் நாடு அல்ல. இங்கிலாந்தில் இருந்து அவர்கள் குடியேற வந்தது 1788-ம் வருடம். அதற்குப் பல்லாயிரம் வருடங்களுக்கு முன்பே அங்கே கறுப்பு நிறப் பழங்குடி மக்கள் வாழ்ந்து வந்தார்கள். வந்தவர்கள் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். இருந்தவர்களுக்குக் கடைசியில் மிஞ்சியது ஒதுக்குப்புறமான குடியிருப்புகள்தான். கம்மெராகுஞ்சா அப்படி ஒரு குடியிருப்பு. அங்கே சர்க்கார் நியமித்த மானேஜர் வைத்ததே சட்டம்.

நிக்கல்ஸ் வீட்டுக்குக் கடைக்குட்டி. அவருக்கு முன்னால் 4 பேர் பிறந்திருந்தார்கள். டக்ளஸ் என்ற பெயரைச் சுருக்கி டக் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள்.

குடியிருப்பில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஆசிரியர் தாமஸ் ஷட்ராக் ஜேம்ஸ். இவர் யார் தெரியுமா? இந்திய வம்சத்தில் வந்தவர்! மொரீசியஸ் தீவில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்குப் போனவர். அங்கே ஒரு பழங்குடிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த மக்களோடு மக்களாக வாழ்ந்து, அவர்கள் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார்.

பிற்காலத்தில் பழங்குடி மக்களுக்காகப் போராடிய தலைவர்களில் பலர் இந்த ஆசிரியரிடம் படித்தவர்கள். கையெழுத்துப் போடவும், மனு எழுதவும், மேடையில் பேசவும் அவர்களுக்கு வழி காட்டியவர் அவர்தான்.

அக்காளைக் கொண்டு போனார்கள்

டக்குக்கு 8 வயது இருக்கும். குடியிருப்புக்குப் போலீசார் வந்தார்கள். திருடனைப் பிடிக்க வரவில்லை. டக்கின் அக்காள் ஹில்டாவைப் பிடித்துப் போக வந்தார்கள்.

ஹில்டாவுக்கு வயது 16. அவள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. பழங்குடிப் பெண்களை வெள்ளைக்காரர்களின் வீட்டு வேலைக்குப் பழக்க வேண்டும் என்பது சர்க்காரின் திட்டம். இதற்காகக் கூட்டமுண்ட்ரா என்ற ஊரில் ஒரு விடுதி நடந்தது. அங்கே அவளைக் கொண்டு போனார்கள்.

இதற்குச் சட்டமே இருந்தது. 1909-ம் வருடம் ஒரு சட்டம் வந்தது. 1915-ல் அதைத் திருத்தினார்கள். பழங்குடிக் குழந்தையை எடுத்துப் போகக் கோர்ட்டு விசாரணைகூட வேண்டியது இல்லை என்று ஆயிற்று. பெற்றவர்கள் எங்கே போய் முறையிடுவார்கள்?

இப்படிக் கொண்டு போகப்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கில் உண்டு. 2008-ம் வருடந்தான் ஆஸ்திரேலியப் பாராளுமன்றத்தில் பிரதம மந்திரி கெவின் ரட் இதற்காக மன்னிப்புக் கேட்டார். அதைக் கேட்க நிக்கல்ஸ் உயிரோடு இல்லை.

ஆறு ரவுண்டு சண்டை

13 வயதில் டக் வேலைக்குப் போய்விட்டார். ஆட்டுப் பண்ணைகளில் மாமாவோடு சேர்ந்து வேலை செய்தார்.

ரோமம் கத்தரிக்கும்போது ஆட்டின் தோலில் கத்தரி பட்டுவிடும். ரத்தம் வரும். உடனே ஒரு பையன் ஓடி வந்து அந்தக் காயத்தில் தார் தடவ வேண்டும். அதுதான் டக்குக்குக் கிடைத்த வேலை.

பையன் எப்போதும் சிரித்த முகத்தோடு இருப்பான். ஓடி ஓடி வேலை செய்வான். ரோமம் கத்தரிக்கும் ஆள் ஒருவனுக்கு இது பிடிக்கவில்லை. சண்டைக்குக் கூப்பிட்டான். தோற்றவன் ஜெயித்தவனுக்கு ஒரு வாரச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்பது பந்தயம். 30 ஷில்லிங்!

சண்டை ஆறு ரவுண்டு நடந்தது. கடைசியில் போதும் என்று கையெடுத்தவன், சண்டைக்குக் கூப்பிட்டவன்தான்.

அது எப்படிப்பட்ட ஆட்டம்?

டக் கால்பந்து ஆட ஆரம்பித்தார். அது நம் ஊரில் ஆடும் கால்பந்து அல்ல. ஆஸ்திரேலியர்களின் சொந்த ஆட்டம்.

மைதானம் முட்டை வடிவத்தில் இருக்கும். பந்தும் முட்டை வடிவந்தான். ஒரு பக்கத்துக்கு 18 பேர். பந்தைக் காலால் உதைக்கலாம். கையில் பிடித்துக்கொண்டும் ஓடலாம். ஆனால் ஓடும்போது இடையிடையே பந்தைத் தரையில் தட்டி எடுக்க வேண்டும். ஒவ்வொரு கோடியிலும் நாலு கம்பங்கள் நிற்கும். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி. ஓரக் கம்பத்துப் பக்கம் போனால் ஒரே புள்ளி.

பந்து வைத்திருப்பவனை எதிரிகள் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளலாம். தோளால் மோதலாம். தலைக்கவசம் இல்லை. உடம்பில் பஞ்சு மெத்தை எதுவும் கட்டுவது இல்லை. பந்து மேலே பறந்து வரும்போது நாலைந்து பேர் ஒரே சமயத்தில் எகிறுவார்கள். ஒருவன் முதுகில் இன்னொருவன் முழங்காலை ஊன்றிப் பந்தைப் பிடிப்பான்.

ஆறடி உயர ஆட்கள் மோதிக்கொள்ளும் ஆட்டம் இது. இதில் 5 அடி 2 அங்குல மனிதனுக்கு என்ன வேலை?

டக்கிடம் இரண்டு சொத்து இருந்தது. ஒன்று அவர் கால் வேகம். இன்னொன்று, பயம் என்பதே இல்லாத மனசு. மோதினால் கீழே விழுவோம் என்று தெரியும். தெரிந்தும் பந்தை நோக்கிப் போவார். விழுவார். எழுந்து மறுபடியும் போவார். மற்றவர்களின் தோளுக்கு மேலே எகிறிப் பந்தைப் பிடிப்பார். குட்டை மனிதர் இவ்வளவு உயரம் தாவுகிறாரே என்று ஜனங்கள் வாயைப் பிளப்பார்கள்.

நாட்டுப்புறத்தில் டோங்காலா என்ற ஊர்க் கோஷ்டியில் ஆடிப் பெயர் எடுத்தார். பிறகு மெல்போர்னுக்குப் புறப்பட்டார்.

தேய்க்க மறுத்த கை

1927-ம் வருடம். மெல்போர்னில் கார்ல்டன் என்பது பெரிய கிளப். டக் அங்கே போய்த் தம் ஆட்டத்தைக் காட்டினார்.

ஆட்டத்தில் குறை இல்லை. நிறந்தான் குறை ஆயிற்று. இவர் உடம்பில் நாற்றம் அடிக்கிறது என்று சில ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஆட்டக்காரர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஆள், கறுப்பு உடம்பைத் தொட மாட்டேன் என்று கையை மடக்கிக்கொண்டார். டக்கை அந்தக் கிளப் சேர்த்துக்கொள்ளவில்லை.

தீண்டாமை என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியது இல்லை. அந்த அறையில் டக்கின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று வாசகர்களே அறிவார்கள்.

டக் ஊருக்குத் திரும்பிவிடவில்லை. நார்த்கோட் என்ற கிளப்பில் சேர்ந்தார். அது பெரிய லீக்கில் இல்லை. அடுத்த படியில் இருந்த சங்கத்தில் ஆடியது. 1929-ம் வருடம் அந்தச் சங்கத்தின் சாம்பியன் பட்டத்தை நார்த்கோட் வென்றது. வென்ற கோஷ்டியில் டக் இருந்தார்.

அந்தக் காலத்தில் குளிர்காலத்தில்தான் கால்பந்து. மற்ற மாதங்களில் வயிற்றுக்கு என்ன செய்வது? டக் ஓட்டப் பந்தயங்களுக்குப் போனார். பரிசுப் பணத்துக்காக ஓடும் பந்தயங்கள் அவை. 1929-ம் வருடம் நையா, வாரக்நபீல் என்ற இரண்டு ஊர்களிலும் முதல் பரிசை அவரே தட்டிக்கொண்டு வந்தார்.

1931-ல் ஜிம்மி ஷார்மன் என்பவரின் குத்துச்சண்டைக் கம்பெனியில் சேர்ந்தார். திருவிழாவுக்குத் திருவிழா கூடாரம் அடிக்கும் கம்பெனி அது. வாசலில் மேடை போட்டுக் குத்துச்சண்டைக்காரர்களை வரிசையாக நிறுத்துவார்கள். கூட்டத்தில் தைரியம் உள்ளவன் எவனும் மேடை ஏறி, தான் விரும்பிய ஆளோடு சண்டை போடலாம். வருகிறவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அந்தப் பிழைப்பையும் டக் பார்த்துவிட்டார்.

54 ஆட்டம்

மறு வருடம் பிட்ஸ்ராய் கிளப் அவரை அழைத்தது. முதலில் சொன்னோமே, அந்த மூலையும் ஹேடன் பன்டனும் அப்போது நடந்ததுதான்.

பிட்ஸ்ராய் அப்போது பெரிய லீக்கில் ஆடிய கிளப். டக்குக்கு மைதானத்தின் ஓரத்தில் இடம் கொடுத்தார்கள். பந்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் பறக்க வேண்டிய இடம் அது. கால் வேகம் உள்ளவனுக்குத்தான் அங்கே வேலை.

எதிரிகள் அவரைக் குறி வைத்து மோதினார்கள். கூட்டத்தில் இருந்து அவர் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தார்கள். டக் வாய் திறக்க மாட்டார். அடுத்த பந்துக்கு ஓடுவார்.

1935-ம் வருடம் விக்டோரியா மாகாணக் கோஷ்டிக்கு அவரைப் பொறுக்கி எடுத்தார்கள். மாகாணத்துக்காக ஆடிய முதல் பழங்குடி மனிதர் அவர்தான். எட்டு வருடத்துக்கு முன்னால் தொடத் தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர், இப்போது அதே ஊர்க்காரர்களின் மானத்தைக் காக்க மைதானத்தில் இறங்கினார்!

பிட்ஸ்ராய்க்காக அவர் ஆடியது 54 ஆட்டங்கள். அதற்குள் முழங்கால் கெட்டுவிட்டது. குட்டை உடம்பு எத்தனை மோதலைத் தாங்கும்? 1938-ல் நார்த்கோட்டுக்கே திரும்பினார். மறு வருடம் ஆட்டத்தை விட்டார்.

பாதிரியார்

டக்கின் தாய் பக்தி உள்ளவர். அவர் இறந்த பிறகு டக்கின் மனம் மதத்தின் பக்கம் திரும்பியது. நார்த்கோட்டில் உள்ள கிறிஸ்தவ சபையில் சேர்ந்தார்.

இன்னொரு பக்கத்தில் வில்லியம் கூப்பர் என்ற முதியவர் அவரைத் தம் வேலைக்கு இழுத்தார். கூப்பர் டக்குக்கு உறவினர். பழங்குடி மக்களுக்காக ஒரு சங்கம் நடத்தினார். பாராளுமன்றத்தில் எங்களுக்கு ஒரு பிரதிநிதி வேண்டும் என்று இங்கிலாந்து மன்னருக்கு மனு எழுதி, 1,814 கையெழுத்து வாங்கினார். ஆஸ்திரேலிய சர்க்கார் அந்த மனுவை மன்னருக்கு அனுப்பவே இல்லை.

1938-ம் வருடம் ஜனவரி 26-ந் தேதி. வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கி 150 வருடம் ஆயிற்று என்று சிட்னி நகரமே விழாக் கொண்டாடியது. அதே நாளில் அதே சிட்னியில் ஒரு மண்டபத்தில் பழங்குடி மக்கள் கூடித் துக்கம் கொண்டாடினார்கள். அந்தக் கூட்டத்தில் டக்கும் இருந்தார்.

உலக யுத்தம் வந்தது. பட்டாளத்தில் சேரும்படி டக்குக்கு உத்தரவு வந்தது. சேர்ந்தார். ஆனால் 1942-ல் அவரைத் திருப்பி அனுப்பும்படி ஒரு வேண்டுகோள் போயிற்று. அனுப்பியது யார்? பிட்ஸ்ராய் போலீசார்!

பிட்ஸ்ராய் அப்போது ஏழைகளின் பேட்டை. வேலை தேடி வந்த பழங்குடிக் குடும்பங்கள் அங்கே நெருக்கியடித்து வாழ்ந்தன. குடி, சூதாட்டம், போலீஸ் வழக்கு என்று பலர் சீரழிந்தார்கள். அவர்களிடம் பேசக்கூடிய ஆள் டக்தான் என்று போலீசாருக்குத் தெரிந்திருந்தது. அக்காளைக் கொண்டு போனதும் போலீஸ். தம்பியைக் கூப்பிட்டதும் போலீஸ்!

டக் வந்தார். தெருத்தெருவாகப் போய் அந்த மக்களைப் பார்த்தார். அவரைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது. 1943-ல் கோர் தெருவில் அவர்களுக்கென்று ஒரு கோவில் ஏற்பட்டது. டக் அதன் பாதிரியார் ஆனார்.

அவருக்குக் கல்யாணம் நடந்ததும் 1942-ல்தான். அண்ணன் ஹவார்டு ஒரு விபத்தில் இறந்துவிட்டார். அண்ணி கிளாடிஸ் குழந்தைகளோடு தனியாக நின்றார். டக் அவரை மணந்துகொண்டார். அண்ணன் பிள்ளைகளையும் தம் பிள்ளைகளாகவே வளர்த்தார். கிளாடிசின் தந்தையும் ஓர் இந்திய வியாபாரி.

கிளாடிஸ் வீட்டோடு இருந்துவிடவில்லை. நாட்டுப்புறத்தில் இருந்து நகரத்துக்கு வேலை தேடி வரும் பழங்குடிப் பெண்கள் தங்குவதற்காக விடுதி நடத்தப் பாடுபட்டார். ஹில்டா போன விடுதிக்கும் இந்த விடுதிக்கும் எவ்வளவு வித்தியாசம்!

தலைக்கணக்கு

1957-ம் வருடம் டக் மேற்கு ஆஸ்திரேலியாவின் வாரண்பாலைக்குப் போனார். வார்பர்டன் மலைப் பக்கம். அங்கே பழங்குடி மக்கள் பசியாலும் நோயாலும் வாடுவதைக் கண்ணால் கண்டார். கூடப் போனவர்கள் அதைச் சினிமாப் படம் எடுத்தார்கள். டக் அந்தப் படத்தை மெல்போர்னில் கூட்டம் கூட்டிக் காட்டினார். பார்த்த வெள்ளைக்காரர்கள் திகைத்துப் போனார்கள். தங்கள் நாட்டிலா இப்படி என்று கேட்டார்கள்.

அதே வருடம் விக்டோரியாவில் பழங்குடியினர் முன்னேற்றச் சங்கம் ஏற்பட்டது. டக் அதற்காக ஊர் ஊராகச் சுற்றினார்.

விக்டோரியாவில் லேக் டையர்ஸ் என்ற குடியிருப்பை மூடிவிட சர்க்கார் நினைத்தது. அங்கே இருப்பவர்களை வெவ்வேறு ஊர்களுக்குப் பிரித்து அனுப்பத் திட்டம். டக் அப்போது சர்க்காரின் பழங்குடி நல போர்டில் மெம்பராக இருந்தார். 1963-ல் அந்தப் பதவியைத் தூக்கி எறிந்தார். மெல்போர்ன் தெருவில் ஊர்வலம் போனார். குடியிருப்பு பிழைத்தது. 1971-ல் அந்த நிலம் அங்கே வாழ்ந்த மக்களுக்கே சொந்தம் ஆயிற்று.

இன்னொரு பெரிய போராட்டம் தலைக்கணக்கைப் பற்றியது. ஆஸ்திரேலியாவின் அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. நாட்டின் ஜனத்தொகையைக் கணக்கிடும்போது பழங்குடி மக்களைச் சேர்க்கக் கூடாது என்று அது சொன்னது. மனிதரைக் கணக்கில் சேர்க்காத கணக்கு!

இதை மாற்றலாமா என்று 1967-ம் வருடம் மே 27-ந் தேதி ஜனங்களிடம் ஓட்டு எடுத்தார்கள். டக் நாடெங்கும் ஆதரவு தேடியவர்களில் ஒருவர். நூற்றுக்கு 90-க்கு மேற்பட்டவர்கள் மாற்றலாம் என்று ஓட்டுப் போட்டார்கள்.

எல்லோருக்கும் டக்கைப் பிடித்தது என்று சொல்ல முடியாது. அப்போது தலையெடுத்த பழங்குடி வாலிபர்கள் அவரைக் குறை சொன்னார்கள். வெள்ளைக்காரர்களிடம் பட்டம் வாங்குகிறார், மென்மையாகப் பேசுகிறார் என்றார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் அவர்கள் நின்று பேசிய மேடையைக் கட்டியவர்களில் இந்தக் கிழவரும் ஒருவர்.

கவர்னர் மாளிகை

1972-ல் டக்குக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. பழங்குடி மக்களில் அந்தப் பட்டம் பெற்ற முதல் ஆள் அவர்.

1976-ம் வருடம் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கவர்னர் வேண்டியிருந்தது. இங்கிலாந்து மகாராணியின் ஸ்தானத்தில் இருந்து மாகாணத்தை ஆளும் பதவி அது. முதல் மந்திரி டான் டன்ஸ்டன் யாரும் எதிர்பாராத பெயரைச் சொன்னார். சர் டக்ளஸ் நிக்கல்ஸ்!

டிசம்பர் முதல் தேதி டக் பதவி ஏற்றார். அதுவரை எந்தப் பழங்குடி மனிதரும் ஆஸ்திரேலியாவில் கவர்னர் ஆனது இல்லை. வயது 70 நெருங்கிவிட்டது. அடிலெய்டு நகரத்துக் கவர்னர் மாளிகையில் டக்கும் கிளாடிசும் குடியேறினார்கள். குடியிருப்பில் மானேஜர் உத்தரவுக்குக் காத்திருந்த குடும்பத்துப் பிள்ளையின் கையெழுத்து இல்லாமல் இப்போது மாகாணத்தில் ஒரு சட்டமும் செல்லாது.

ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1977 ஜனவரியில் பக்கவாதம் தாக்கியது. அப்படியும் மார்ச் மாதம் எலிசபெத் மகாராணி வந்தபோது வரவேற்றார். ஏப்ரல் 30-ந் தேதி பதவியில் இருந்து விலகினார். கவர்னராக இருந்தது ஐந்தே மாதம்.

1981-ல் கிளாடிஸ் காலமானார். 1988-ம் வருடம் ஜூன் 4-ந் தேதி டக் காலமானார். வயது 81. சர்க்கார் மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. உடலைக் கம்மெராகுஞ்சாவுக்குக் கொண்டு போய், மர்ரே ஆற்றங்கரை மண்ணில் அடக்கம் செய்தார்கள்.

2007-ல் மெல்போர்னில் பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் உள்ள பூங்காவில் டக்குக்கும் கிளாடிசுக்கும் சேர்த்துச் சிலை வைத்தார்கள்.

2016-ம் வருடத்தில் இருந்து லீக் பந்தயத்தில் ஒவ்வொரு வருடமும் ஒரு சுற்று ஆட்டத்துக்கு சர் டக் நிக்கல்ஸ் சுற்று என்று பெயர். அந்தச் சுற்றில் எல்லாக் கோஷ்டிகளும் பழங்குடி ஓவியம் தீட்டிய பனியன் போட்டு ஆடும். கார்ல்டன் கிளப்பும் அப்படியே பனியன் போட்டு மைதானத்தில் இறங்குகிறது.